ஹலாகாவும் நவீன மெய்யியலும் – 6: மெண்டல்சோனின் விடையும் காண்டின் தீர்ப்பும்

1670-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில், ஆசிரியர் பெயரின்றி, ஹாம்பர்க்கில் அச்சானது என்ற பொய்க் குறிப்போடு வெளிவந்த ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’ யூத சமயச் சட்டத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு சென்ற பகுதியில் எடுத்துரைக்கப்பட்டது. மோசே வழங்கிய சடங்குச் சட்டங்கள் யாவும் எபிரேயரின் பண்டைய அரசை நிலைநிறுத்துவதற்காக இயற்றப்பட்டவை. ஆகவே அந்த அரசு வீழ்ந்தபோதே அவற்றின் கட்டுப்படுத்தும் வலிமையும் வீழ்ந்துவிட்டது என்பது ஸ்பினோசாவின் வாதம். யூத சமூகத்துக்குள் வாழ்ந்துகொண்டு, அதன் சட்டத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு, அதே வேளையில் ஐரோப்பிய மெய்யியலின் கருத்துக் கருவிகளைக் கொண்டே இந்த வாதத்துக்கு ஒருவர் விடையளிப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த விடையைப் பெர்லினில் 1783-இல் எழுதிய மோசஸ் மெண்டல்சோனும், அதனை முதலில் வியந்து பாராட்டிப் பின்னர் அதன் அடித்தளத்தையே மறுத்த இம்மானுவேல் காண்டும் இப்பகுதியின் பொருளாவர்.

விவாதத்துக்குள் செல்லுமுன், விவாதிக்கப்பட்ட பொருள் இன்னதென்று தெளிவுபடுத்துவது தேவை. ஹலாகா எனப்படும் யூத சமயச் சட்டம் ஒரே நூலில் அடங்கிய சட்டத் தொகுப்பு அன்று. மோசேயின் ஐந்நூல்களான தோராவில் 248 ஏவல்களும் 365 விலக்குகளுமாக 613 கட்டளைகள் உள்ளன என்பது மரபு. ஆனால் அக்கட்டளைகளை எவ்வாறு நிறைவேற்றுவது என்ற வாய்மொழி மரபு பொ.ஆ. 200-ஐ ஒட்டி மிஷ்னா என்ற தொகுப்பாகவும், அதன் மீது பாபிலோனிய, பாலஸ்தீனக் கல்விக்கூடங்களில் பல தலைமுறைகள் நடத்திய விவாதம் தல்மூதாகவும் உருப்பெற்றது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் அந்தக் கடலை 14 நூல்களாக வகுத்தார். 1565-இல் வெனிஸில் அச்சான யோசேப்பு காரோவின் ‘ஷுல்ஹான் அருக்’ அன்றாட நடைமுறைக்கான கையேடாயிற்று. இவற்றுள் தல்மூதின் இயல்பு தனித்துக் கவனிக்கத் தக்கது. அது தீர்ப்புகளை மட்டும் பதிவு செய்யவில்லை. தோற்ற தரப்பின் வாதங்களையும் பெயர் குறிப்பிட்டுக் காத்து வைத்தது. ஓர் அடுப்பின் தூய்மை பற்றிய வழக்கில், விண்ணிலிருந்து ஒலித்த குரலே ஒரு தரப்புக்குச் சான்று கூறியபோதும், சட்டம் மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் பெரும்பான்மை அறிஞரின் முடிவே செல்லும் என்று தீர்த்த கதையை அது பெருமிதத்தோடு சொல்கிறது. நவீன மெய்யியலாளர் இச்சட்டத்தைப் பற்றி எழுதியபோது பெரும்பாலும் கண்ணில் படாமற் போனது இந்த விவாத மரபே.

மெண்டல்சோன் 1729-இல் தெசாவ் நகரில், தோராச் சுருள்களைப் படியெடுக்கும் எளிய எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தம் ஆசிரியரான ரபி டேவிட் ஃபிரெங்கெல் பெர்லினுக்குச் சென்றதைத் தொடர்ந்து, 1743-இல் 14 வயதில் அவரும் அந்நகர் சேர்ந்து, தல்மூதோடு லத்தீனும் லாக்கும் லைப்னிட்ஸும் பயின்றார். பட்டாலை உரிமையாளர் ஒருவரின் வீட்டில் ஆசிரியராக நுழைந்து, அந்த ஆலையின் கணக்கராகவும் பின்னர் பங்காளியாகவும் உயர்ந்து, வாழ்நாள் முழுதும் அத்தொழிலிலேயே பொருளீட்டினார். 1763-இல் பெர்லின் அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு அவருக்கும் இரண்டாம் இடம் காண்டுக்கும் கிடைத்தன. பிளேட்டோவைத் தழுவி ஆன்மாவின் அழியாமையைப் பற்றி 1767-இல் அவர் எழுதிய ‘ஃபைடோன்’ ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. அவ்வளவு புகழ் பெற்றவருக்கும் பெர்லினில் வசிக்கும் உரிமை ‘பாதுகாக்கப்பட்ட யூதர்’ என்ற தனிச்சலுகையாக, பிள்ளைகளுக்குச் செல்லாத வகையில்தான் வழங்கப்பட்டது. 1771-இல் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தபோது மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் அதற்கு ஒப்புதல் தரவில்லை. சட்டத்தையும் பகுத்தறிவையும் பற்றிய அவருடைய சிந்தனை இத்தகைய வாழ்நிலையிலிருந்து எழுந்தது என்பதை மறந்துவிட்டு அவருடைய நூலைப் படிப்பது நேர்மையாகாது.

அந்தச் சிந்தனையின் மிகச் சிறந்த சான்று அவருடைய புகழ்பெற்ற நூல்களில் இல்லை. ஒரு சவ அடக்கச் சிக்கலைப் பற்றிய கடிதங்களில் இருக்கிறது. இறந்தவரை அன்றே அடக்கம் செய்வது யூதரின் நெடுநாள் வழக்கம். மரத்தில் தொங்கவிடப்பட்ட குற்றவாளியின் உடலைக்கூட இரவு தங்கவிடலாகாது என்ற உபாகமத்தின் கட்டளையிலிருந்து அவ்வழக்கத்துக்கு ஆதாரம் காட்டப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ, உயிர் முற்றிலும் பிரியாதவர் இறந்தவராகக் கருதப்பட்டுப் புதைக்கப்படக்கூடும் என்ற அச்சம் மருத்துவரிடையேயும் மக்களிடையேயும் பரவியிருந்தது. 1772-இல் மெக்லென்பர்க்-ஷ்வெரின் கோமகன், தம் நாட்டு யூதர்கள் சவ அடக்கத்துக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என ஆணையிட்டார். தங்கள் சமயச் சட்டம் மீறப்படுவதாகக் கலங்கிய அந்தச் சமூகத்தார், அல்டோனாவில் வாழ்ந்த பெரும் தல்மூத் அறிஞர் ரபி யாக்கோப் எம்டனையும் பெர்லினில் மெண்டல்சோனையும் அணுகினர்.

மெண்டல்சோன் சமூகத்தாரின் வேண்டுகோளுக்கிணங்கிக் கோமகனுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்து தந்து, மருத்துவரின் மரணச் சான்று பெற்ற பிறகே அடக்கம் செய்வது என்ற மாற்று வழியை அதில் முன்வைத்தார். ஆனால் சமூகத்தாருக்கு எழுதிய தனிக் கடிதத்தில், இந்த ஆணையால் ஹலாகாவுக்கு எந்தப் பங்கமும் இல்லை என்பதே தம் கருத்து என்று தெரிவித்தார். பண்டை யூதர்கள் உடலைக் குகைக் கல்லறைகளில் வைத்து, உயிரின் அறிகுறி ஏதேனும் தென்படுகிறதா என்று மூன்று நாள் சென்று பார்த்து வந்ததைத் தல்மூது சார்ந்த சிறு நூலான ‘செமஹோத்’ பதிவு செய்திருக்கிறது. இறந்தவரின் மதிப்பைக் கருதி, சவத்துணி கொண்டுவரவோ உறவினர் வந்து சேரவோ அடக்கத்தைத் தள்ளிவைக்கலாம் என்று தல்மூதே இசைவளிக்கிறது. அப்படியானால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும் என்ற ஐயத்துக்காகத் தள்ளிவைப்பது எத்துணை பொருத்தமானது என்பது அவருடைய வாதம். மரணத்தின் ஐயப்பாட்டைப் பற்றி மருத்துவர் சொல்வதை அவர் ஹலாகாவுக்கு எதிரே நிறுத்தவில்லை. உயிர்காப்பைப் பிற கட்டளைகளுக்கு மேலாக வைக்கும் ஹலாகாவின் சொந்த நெறிக்குள் அதனைக் கொண்டு வந்தார். எம்டன் இதனைக் கடுமையாக மறுத்தார்: தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தை மருத்துவரின் சொல்லுக்காகவும் அரிதினும் அரிதான நேர்வுகளுக்காகவும் கைவிடுவது சட்டத்தின் அடிப்படையையே ஆட்டங்காணச் செய்யும் என்றும், மெண்டல்சோனின் சமயப் பற்றின் மீதே ஐயம் எழும் என்றும் எச்சரித்தார்.

இவ்விருவருக்கும் இடையே அடுத்த ஆண்டு நடந்த கடிதப் போக்குவரத்து இன்னும் ஆழமான ஒரு முடிச்சைத் தொட்டது. நோவாவின் வழித்தோன்றல்களான மனிதர் அனைவருக்கும் ஏழு அடிப்படைக் கட்டளைகள் உண்டு என்றும், அவற்றைக் கைக்கொள்ளும் பிற இனத்தார் மறுமைப் பேற்றுக்கு உரியவர் என்றும் யூத மரபு கூறுகிறது. கொலை, களவு, முறைகேடான உறவு, உருவ வழிபாடு, இறைநிந்தை, உயிருள்ள விலங்கிலிருந்து அறுத்த இறைச்சி ஆகியவற்றை விலக்குவதும் நீதிமன்றங்களை அமைப்பதும் அந்த ஏழு. ஆனால் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்: அக்கட்டளைகளை இறைவன் மோசே வழியாக வெளிப்படுத்தினான் என்பதற்காக ஏற்பவரே அப்பேற்றுக்குரியவர், தம் அறிவின் முடிவாக மட்டும் ஏற்பவர் அல்லர். இதே வரியைத்தான் ஸ்பினோசா தம் ஆய்வுரையில் எடுத்துக்காட்டி, யூத மரபு பகுத்தறிவின் வழிவந்த அறத்துக்கு உரிய இடம் தரவில்லை என்று குற்றம் சாட்டியிருந்தார். சாக்ரட்டீசைப் போற்றிய மெண்டல்சோனால் இதனைச் செரிக்க இயலவில்லை. வெளிப்பாடு எட்டாத நாடுகளில் வாழ்ந்த கோடானுகோடி நல்லோர் அனைவரும் விலக்கப்பட்டவரா என்று 1773-இல் அவர் எம்டனிடம் மனம் வருந்திக் கேட்டெழுதினார். எம்டன் மைமோனிடிசின் பக்கமே நின்றார். மெண்டல்சோன் பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய நூலின் நடுநாயகமான கருத்து இந்த வருத்தத்திலிருந்து முளைத்தது என்று கொள்வது தவறாகாது.

அந்நூலுக்கு உடனடிக் காரணமாக அமைந்தது குடியுரிமைச் சிக்கல். 1781-இல் பிரஷ்ய அரசு அலுவலரான கிறிஸ்டியன் வில்ஹெல்ம் டோம், யூதரின் குடிமை நிலையை உயர்த்த வேண்டும் என்று வாதிடும் நூலொன்றை வெளியிட்டார். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அந்நூல், யூத சமூகங்கள் தம் உறுப்பினரைச் சமயக் குற்றங்களுக்காக விலக்கி வைக்கும் அதிகாரத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றும் பரிந்துரைத்தது. ஹேரெம் எனப்படும் அந்தச் சமூக விலக்குதான் 1656-இல் ஸ்பினோசாவின் மீது ஏவப்பட்ட ஆயுதம். டோமின் அடிப்படைக் கோரிக்கையை வரவேற்ற மெண்டல்சோன், 1782-இல் எழுதிய ஒரு முன்னுரையில் இந்தப் பரிந்துரையை வெளிப்படையாக எதிர்த்து, எந்தச் சமய அமைப்புக்கும் எவரையும் தண்டிக்கும் உரிமை கிடையாது என்று அறிவித்தார். உடனே பெயர் குறிப்பிடாத சிறு நூலொன்று அவருக்கு அறைகூவல் விடுத்தது: மோசேயின் சட்டம் முழுவதும் தண்டனையின் மீது நிற்கிறது, ஓய்வுநாளை மீறியவனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது, சமயத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று கூறுபவர் தம் மூதாதையரின் சமயத்தைவிட்டு விலகிவிட்டார் என்பதே அதன் பொருள், அப்படியானால் அவர் கிறித்துவத்துக்கு வர வேண்டியதுதானே. 1769-இல் சூரிச் நகர்ப் போதகர் லவாட்டர் விடுத்த மதமாற்ற அறைகூவலைப் பணிவான மறுப்போடு முடித்துக்கொண்ட மெண்டல்சோன், இம்முறை நூலொன்றின் மூலம் முழு விடையளித்தார். ‘எருசலேம், அல்லது சமய அதிகாரமும் யூத சமயமும்’ என்பது அந்நூலின் பெயர்.

நூலின் முதற்பகுதி அரசையும் சமயத்தையும் பற்றிய பொதுவான வாதம். அரசு செயல்களைக் கட்டுப்படுத்தலாம், தேவையானால் வன்முறையாலும் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஒருவரின் நம்பிக்கை ஒப்பந்தத்தால் கைமாறக்கூடிய பொருளன்று என்பதால், அரசோ திருச்சபையோ ஜெப ஆலயமோ அதன் மீது உரிமை கொண்டாட முடியாது. இரண்டாம் பகுதியில்தான் ஹலாகா வருகிறது. மெண்டல்சோன் துணிவான ஒரு பிரிவினையைச் செய்தார். இறைவனின் இருப்பு, ஆன்மாவின் அழியாமை போன்ற நிலையான உண்மைகளை அறிய எந்த மனிதனுக்கும் பகுத்தறிவு போதும். அவற்றைச் சிலருக்கு மட்டும் சீனாய் மலையில் வெளிப்படுத்தியிருந்தால் இறைவன் நீதியற்றவனாவான். எனவே சீனாயில் வெளிப்பட்டது கோட்பாடு அன்று, சட்டமே. யூத சமயத்தில் வெளிப்படுத்தப்பட்ட சமயம் என்று எதுவும் இல்லை. வெளிப்படுத்தப்பட்ட சட்டவாக்கம் மட்டுமே உண்டு. அச்சட்டம் யூதருக்கு மட்டும் உரியது. பிறர் மீது அதற்கு உரிமையில்லை, அவர்களின் மறுமைக்கு அது நிபந்தனையுமில்லை. எம்டனிடம் கேட்ட கேள்விக்கு அவரே அளித்துக்கொண்ட விடை இது. தண்டனைகளைப் பற்றி அவர் ஸ்பினோசாவின் முற்கூற்றை ஏற்றுக்கொண்டு அதன் முடிவை மறுத்தார். மோசேயின் அமைப்பில் இறைவனே அரசன் என்பதால் சமயக் குற்றம் அரசுக் குற்றமாயிற்று. கோயில் இடிந்து அரசு முடிந்தபோது தண்டிக்கும் அதிகாரம் முடிந்தது. ஆயினும் தனிமனிதர் மீதான கட்டளைகள், தந்தவனே, தந்தது போன்றே வெளிப்படையாகத் திரும்பப் பெறும் வரை நிலைத்திருக்கும். கிறித்துவத்துக்கு வரச் சொன்ன அறைகூவலுக்கு அவர் கட்டட உவமை ஒன்றால் பதிலளித்தார்: கீழ்த்தளம் ஆட்டங்கண்டுவிட்டது என்று நினைப்பவனை, அதன் மேலேயே நிற்கும் மாடிக்கு வந்து பத்திரமாயிரு என்று அழைப்பது அறிவுடைமையா?

ஆனால் சட்டம் ஏன் வேண்டும்? உண்மைகள் எல்லாருக்கும் பொதுவென்றால் யூதருக்கு மட்டும் உணவு விலக்கும் ஓய்வுநாள் ஒழுங்கும் எதற்கு? இங்கேதான் ‘எருசலேம்’ தன் மிக உயர்ந்த பக்கங்களை எட்டுகிறது. கருத்துகளைக் காத்து வைக்க மனிதர் குறிகளை நாடுகின்றனர். உருவக் குறிகள் காலப்போக்கில் தாமே வழிபடப்படும் சிலைகளாகின்றன. எழுத்தோ மனிதரை ஒருவரோடொருவர் பேசவிடாமல் நூல்களோடு தனித்து அமரச் செய்கிறது. சடங்குச் செயல் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. செய்து முடிந்ததும் அது மறைந்துவிடுகிறது. எனவே வழிபடப்படுவதற்கு அதில் எதுவும் எஞ்சுவதில்லை. மேலும், இதனை ஏன் செய்கிறோம் என்று மகன் தந்தையையும் மாணவன் ஆசிரியனையும் கேட்காமல் இருக்க முடியாததால், ஒவ்வொரு சடங்கும் ஓர் உரையாடலைத் தூண்டுகிறது. ஹலாகாவை உயிருள்ள எழுத்துமுறை என்று மெண்டல்சோன் விளக்கியது இந்தப் பொருளில்தான். சட்டத்துக்கு மெய்யியல் நோக்கில் தரப்பட்ட விளக்கங்களில் இதைப் போல் நுட்பமானவை மிகச் சிலவே. இருப்பினும் இதில் ஒரு வெற்றிடம் உண்டு. சட்டம் உண்மைகளை நினைவூட்டும் குறி மட்டுமே என்றால், அவ்வுண்மைகளை வேறு வழியில் நினைவில் வைத்துக்கொள்பவர் அதனை ஏன் தொடர்ந்து சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இறைவன் இன்னும் திரும்பப் பெறவில்லை என்பதைத் தவிர நூலில் வேறு விடை இல்லை.

அந்த வெற்றிடத்தைக் காண்ட் மிகத் தெளிவாகக் கண்டார். 1783 ஆகஸ்டில் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில், பிற சமயங்களும் பின்பற்றத்தக்க பெரும் சீர்திருத்தம் ஒன்றின் அறிவிப்பாக ‘எருசலேம்’ நூலைப் போற்றினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1785-இல் வெளியான ‘ஒழுக்க மெய்யியலின் அடித்தளம்’, மனிதன் தன் பகுத்தறிவால் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சட்டத்துக்குக் கட்டுப்படும்போது மட்டுமே அவன் செயல் அறமாகிறது என்ற தன்னாட்சிக் கோட்பாட்டை நிறுவியது. வெளியிலிருந்து வரும் ஆணைக்கு, அது இறைவனின் ஆணையே ஆயினும், ஆணை என்பதற்காக மட்டும் பணிவது அயலாட்சி. அதில் அறமதிப்பு இல்லை. மெண்டல்சோன் 1786 ஜனவரியில் மறைந்தார். 1793-இல் வெளிவந்த ‘பகுத்தறிவின் எல்லைக்குள் சமயம்’ என்ற நூலில் காண்ட், யூத சமயம் உண்மையில் ஒரு சமயமே அன்று, வெளிப்புறச் செயல்களை மட்டும் கோரும் சட்டங்களால் ஆன ஓர் அரசியல் அமைப்பு என்று தீர்ப்பளித்தார். இது ஸ்பினோசாவின் முடிவு. ஆனால் அதற்கான வாக்குமூலத்தைச் சட்டவாக்கமே வெளிப்பட்டது என்று எழுதிய மெண்டல்சோனே தந்துவிட்டது போலாயிற்று. 1798-இல் காண்ட் இன்னும் ஒரு படி சென்று, பழைய சட்டங்களைக் களைந்து தூய அறச் சமயமாக மாறுவதை யூத சமயத்தின் நற்சாவு என்றே குறித்தார். நண்பரின் வாழ்நாள் உழைப்பை அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின் இப்படிப்பட்ட சொல்லால் குறித்தது காண்டின் எழுத்துகளில் வருத்தமளிக்கும் இடங்களுள் ஒன்று.

வருத்தம் ஒருபுறமிருக்க, காண்டின் தீர்ப்பு அதன் பொருளைச் சரியாகப் பார்த்ததா என்பதே முதன்மையான கேள்வி. ஆணைக்கும் விருப்பத்துக்கும் இடையிலான இழுபறியைத் தல்மூது காண்டுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருந்தது. கட்டளையிடப்பட்டு ஒன்றைச் செய்பவர், கட்டளையின்றித் தாமே செய்பவரைவிட மேலானவர் என்ற ரபி ஹனீனாவின் கூற்றைத் தல்மூது பதிவு செய்கிறது. காண்டின் கோட்பாட்டுக்கு நேர் எதிரான நிலை இது. அதே தல்மூதின் மற்றோரிடத்தில், சீனாய் மலையை மக்களின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துத்தான் இறைவன் அவர்களை ஏற்கச் செய்தான் என்று ஓர் அறிஞர் விளக்கம் சொல்ல, வற்புறுத்திப் பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்ற வலுவான மறுப்பு உடனே அதன் மீது எழுப்பப்படுகிறது. எஸ்தரின் காலத்தில் மக்கள் தாமாகவே மீண்டும் ஏற்றுக்கொண்டனர் என்பது அதற்குத் தரப்படும் விடை. சட்டத்தின் பிணைப்பு கட்டாயத்தில் நிற்கிறதா, ஏற்பில் நிற்கிறதா என்ற ஐயத்தைத் தன் சொந்தப் பக்கங்களிலேயே எழுப்பி விவாதித்த ஒரு மரபை, வெறும் வெளிப்புற ஆணைகளின் தொகுப்பு என்று அழைப்பது பொருந்தாது. காண்டின் நூலில் பழைய ஏற்பாட்டின் கட்டளைகள் உண்டு. அவற்றைப் பற்றி நடந்த விவாதம் இல்லை.

ஆயினும் இந்தக் குறையைக் காண்டின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ‘எருசலேம்’ நூலிலும் அந்த விவாதம் போதிய அளவு இல்லை. சிந்தனை முழுவதையும் பகுத்தறிவின் பொதுச் சொத்தாக்கி, சட்டத்துக்குச் செயலை மட்டும் விட்டுவைத்ததால், சட்டத்துக்குள்ளேயே நடைபெறும் சிந்தனைக்கு மெண்டல்சோனின் பாகுபாட்டில் இடமில்லாமற் போயிற்று. 1772-இல் சவ அடக்கத்தைப் பற்றி எழுதிய மெண்டல்சோனிடம் அது இருந்தது. மருத்துவ அறிவு, பண்டை வழக்கம், உயிர்காப்பின் முதன்மை ஆகியவற்றை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தபோது, அவர் வெளியிலிருந்து வந்த ஆணைக்குக் கண்மூடிப் பணியவுமில்லை, சட்டத்தைத் தன் விருப்பத்துக்கு வளைக்கவுமில்லை. காண்டுக்கு எதிராக வைத்திருக்கக்கூடிய மிக வலுவான சான்று அந்தக் கடிதங்களே. ஆனால் மெய்யியல் நூல் எழுதியபோது அவற்றை அவர் சான்றாகக் கருதவில்லை.

சவ அடக்கச் சிக்கல் அவரோடு முடியவில்லை. காண்டின் மாணவரும், 1770-இல் கோனிக்ஸ்பர்க்கில் காண்ட் தம் ஆய்வுரையைத் தற்காத்தபோது துணைநின்றவரும், பெர்லினில் மெண்டல்சோன் குடும்பத்துக்கு நெருங்கியவருமான மருத்துவர் மார்க்கஸ் ஹெர்ட்ஸ், விரைந்த அடக்கத்தை எதிர்த்து 1787-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் எடை பெரிதும் மருத்துவக் காரணங்களின் மீதே இருந்தது. 1792-இல் பெர்லினின் இளம் யூதர்கள் ‘நண்பர் கழகம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, உறுப்பினரின் உடலை உடனே புதைக்காமல் காத்திருக்கும் உரிமையைத் தம் முதற்கோரிக்கைகளுள் ஒன்றாக்கினர். அக்கழகத்தை நிறுவியோருள் மெண்டல்சோனின் மூத்த மகன் யோசேப்பும் ஒருவர். தந்தை எட்டிய முடிவையே மகன்களின் தலைமுறையும் எட்டியது. ஆனால் அதனை எட்டுவதற்குக் குகைக் கல்லறைகளைப் பற்றிய பழைய ஏடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மெண்டல்சோனின் பிள்ளைகள் அறுவருள் யோசேப்பும் ரேக்காவும் மட்டுமே யூத சமயத்தில் நிலைத்தனர். மற்ற நால்வரும் பிற்காலத்தில் கிறித்துவத்தைத் தழுவினர்.